டீசல் பட்டறை: ஸ்லோ ஸ்பீடு குறைந்த ஜீப்

வாசகர் கேள்விகளுக்குக் காசிமேட்டு டீசல் மெக்கானிக் பதில் சொல்கிறார்

கேள்வி: என்னிடம் இருப்பது 1990-களில் வந்த டீசல் ஜீப், ஃபோர் வீல் டிரைவ். மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும், மழை விட்டால் கொசஸ்தலை ஆற்றோர மண் பாதையிலும் ஓட்டுவேன். கொஞ்ச நாளாக சிக்னலில் கிளட்சை மிதித்தால் வண்டி மொத்தமும் உதறி ஆஃப் ஆகிவிடுகிறது. லோ கியரில் மணலில் இறங்கும்போதும் அதே கதை. ஐட்லிங் ஸ்க்ரூ எது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். நானே செய்துகொள்வேன். – மீஞ்சூர் வாசகர்

பதில்: சொல்கிறேன் தம்பி, ஆனால் கடைசியில். ஐட்லிங் என்பது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் தானாகச் சுற்றுகிற வேகம், நம்ம ஆட்கள் சொல்கிற ஸ்லோ ஸ்பீடு.

முதலில் பானெட்டைத் திறந்து அந்த ஸ்க்ரூவைச் சும்மா பாருங்கள், தொட வேண்டாம். லாக் நட்டு இறுக்கமாக இருக்கிறதா? அதன் மேல் வருஷக்கணக்கான எண்ணெய் அழுக்கு கலையாமல் படிந்திருக்கிறதா? அப்படியென்றால் வண்டி நன்றாக ஓடிய நாளில் ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அங்கேதான் இன்றைக்கும் இருக்கிறது. மாறியது வேறு ஏதோ. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருப்பினால் வண்டி நிற்காமல் ஓடும், நீங்களும் சந்தோஷமாகப் போவீர்கள். ஒரு மாதத்தில் மறுபடி குறையும், மறுபடி திருப்புவீர்கள். கடைசியில் பட்டறைக்கு வரும்போது இரண்டு கோளாறு இருக்கும்: பழையது ஒன்று, நீங்கள் செய்தது ஒன்று.

பெட்ரோல் வண்டியில் காற்றை அடைத்துத்தான் வேகத்தைக் குறைப்பார்கள். உங்கள் மாதிரிப் பழைய டீசலில் பெரும்பாலும் காற்று முழுசாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது, சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பெரிய பம்ப் கொடுக்கும் டீசலின் அளவு மட்டும். பம்புக்குள்ளே கவர்னர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வேகம் குறைந்தால் டீசலைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். ஐட்லிங்கில் அதன் வேலையே இதுதான். ஆகவே ஐட்லிங் விழுகிறது என்றால், கவர்னர் கூட்டிக் கொடுத்தும் போதவில்லை, அல்லது கொடுக்கும் டீசல் போய்ச் சேரவில்லை, அல்லது கவர்னரே தேய்ந்துவிட்டது. இந்த மூன்றாவது, நான் பார்த்த வரைக்கும், கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது.

நாலு சிலிண்டர் இன்ஜின் 750 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 750 சுற்றில், ஓடும்போது நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் போகிற டீசல் மிகமிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு காற்றுக் குமிழி கலந்தாலும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் ஒன்று சொட்டினாலும் உடனே தெரிந்துவிடும். அதே கோளாறு ரோட்டில் 60-இல் போகும்போது தெரியாது. அதனால்தான் "ஓட்டத்துல ஒரு குறையும் இல்லண்ணே, நின்னா மட்டும்தான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

முதல் வேலை அளப்பது. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால் பெட்ரோல் வண்டிக்கு ஒயரில் மாட்டுகிற மீட்டர் இங்கே உதவாது. கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) முனையில் இருக்கிற புல்லியில் ஒரு துண்டு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி லேசர் டாக்கோமீட்டரால் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், டயருக்குப் பின்னால் கல். லுங்கி கட்டிக்கொண்டு ஃபேன் பக்கம் குனியாதீர்கள், தோளில் துண்டும் வேண்டாம். இந்தத் தலைமுறை ஜீப்புகளுக்குப் பெரும்பாலும் 700-லிருந்து 850 வரை வரும். உங்கள் இன்ஜினுக்குச் சரியான எண் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதுதான் கணக்கு. சில சமயம் அளந்து பார்த்தால் ஐட்லிங் சரியாகவே இருக்கும். உதறலுக்குக் காரணம் இன்ஜினைத் தாங்குகிற, கிழிந்துபோன மவுண்டிங் ரப்பராக இருக்கும்.

அளந்தீர்கள், குறைவுதான். நியூட்ரலிலேயே கிளட்சை மிதித்து விடுங்கள். மிதித்த உடனே ஆர்பிஎம் நன்றாக விழுந்து, விட்ட உடனே ஏறுகிறதா? அப்படியென்றால் டீசல் பக்கம் போகாதீர்கள். கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள், அப்புறம் கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பாருங்கள். கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குகிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருந்தால் இன்ஜினே பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும். "கிளட்சை மிதித்தால்" என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை முதலில் வைக்கிறேன். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிளாக்கையே கெடுக்கும்.

அது இல்லை என்றால் கேபிள்கள். நம்ம பக்கத்து வண்டிகளுக்கே உரிய வியாதி இது. எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று கடற்காற்றில் நிற்கிற ஜீப்பில் ஸ்டாப்பர் கேபிள் உள்ளுக்குள் உப்புப் பிடித்துத் துரு ஏறிவிடும். இழுத்து ஆஃப் செய்வீர்கள், குமிழை உள்ளே தள்ளுவீர்கள், டேஷ்போர்டில் குமிழ் முழுசாகப் போய்விட்ட மாதிரி தெரியும். பம்பில் இருக்கிற ஸ்டாப் லீவர் மட்டும் கால்வாசி தூரம் வராமல் நிற்கும். டீசல் பாதி அடைபட்டபடியே வண்டி ஓடும். ஐட்லிங் விழும், ஏற்றத்தில் இழுவையும் இருக்காது. ஒருவரைக் குமிழைத் தள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் பம்ப் பக்கம் நின்று லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் நகர்ந்து ஐட்லிங் ஏறினால் வேலை முடிந்தது, புதுக் கேபிள் போடுங்கள். எண்ணெய் விட்டு ஒப்பேற்றினால் அடுத்த மழை வரைக்கும்தான் தாங்கும்.

ஆக்சிலேட்டர் கேபிளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன்பு யாரோ ஸ்க்ரூவைத் தொடாமல் கேபிளை இறுக்கி ஐட்லிங்கை ஏற்றி வைத்திருப்பார்கள். லீவர் ஸ்க்ரூ மேல் உட்காராமல் கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கும். நாளடைவில் கேபிள் இளகும், லீவர் கீழே இறங்கும், ஐட்லிங் விழும். பழைய ஜீப்பில் டேஷ்போர்டில் ஹேண்ட் த்ராட்டில் குமிழ் இருந்தால் அதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

அடுத்தது காற்று. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கிற சின்னப் பம்ப்) வரைக்கும் டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்த லைனில் ஓட்டை இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் "எங்கேயும் லீக் இல்லை" என்று துணியால் துடைத்துக் காட்டுவதில் அர்த்தமில்லை. கிளிப் போட்ட இடத்தில் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது பைப்பை இணைக்கிற பேஞ்சோ போல்ட்டில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள். கழற்றினால் புது வாஷர் போட வேண்டும். நாலு வாஷரில் மிச்சம் பிடிக்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

இதைச் சுலபமாகப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சுத்தமான கேனில் நல்ல டீசல் ஊற்றி பானெட் உயரத்துக்கு வைத்துக் கட்டுங்கள். அதிலிருந்து ஒரு புது ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் பைப்பையும் அதே கேனுக்குள் விடுங்கள். ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங் சரியாக நின்றால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிறது: ஓட்டை ஹோஸ், அடைத்த ஜல்லடை, துரு, இல்லாவிட்டால் காற்றோட்டம் அடைத்த டேங்க் மூடி. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடிதான் குற்றவாளி. கேனிலும் அதே மாதிரி உதறினால் ஃபில்டரிலிருந்து மேலே தேட வேண்டும். பழைய வண்டியில் இரண்டு ஃபில்டர் வரிசையாக இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள்.

ஏர் எடுப்பது தெரியும்தானே? ஃபில்டர் தலையில் இருக்கிற ப்ளீட் ஸ்க்ரூவை இளக்கி, ஃபீட் பம்பின் கைப் பம்பை அடியுங்கள். நுரை போய்த் தெளிந்த டீசல் வந்ததும் அடிப்பதை நிறுத்தாமலே இறுக்குங்கள். அப்புறம் பெரிய பம்பில் உள்ள ஸ்க்ரூவில் அதே வேலை. வரிசை மாறக் கூடாது.

இதற்கும் மசியாவிட்டால் நாசில். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற பைப் யூனியன் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று இளக்கி, பார்த்துவிட்டு இறுக்குங்கள். இளக்கியதும் சத்தம் மாறி ஆர்பிஎம் விழுந்தால் அந்த சிலிண்டர் உழைக்கிறது. இளக்கியும் ஒன்றும் மாறவில்லை என்றால் அதுதான் வேலை செய்யாத ஆள். நாலு பேர் சம்பாதிக்கிற வீட்டில் ஒருத்தர் சம்பளம் நின்றால் மற்ற மூன்று பேர் தலையில் விழுகிற மாதிரிதான் இதுவும். அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டரில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு நாசிலோடு சேர்ந்து போனால் நாசிலை டெஸ்டிங்குக்கு அனுப்புங்கள். பழைய இடத்திலேயே நின்றால் டேப்பட் (வால்வைத் திறக்கிற பாகம்), வால்வு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது), பம்பின் டெலிவரி வால்வு என்று தேட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. யூனியன் மேல் துணி போட்டுத்தான் இளக்க வேண்டும், முகத்தை எட்ட வையுங்கள், விரலை எந்த ஜெட்டுக்கும் எதிரே நீட்டாதீர்கள். அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலையே இழக்கிற அளவுக்கு ஆகும். அப்படி நடந்தால் கழுவிவிட்டு வேலையைத் தொடராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

புகையையும் கவனியுங்கள். ஐட்லிங்கில் கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமல் போகிறது: சொட்டுகிற நாசில், குறைந்த கம்ப்ரஷன், அல்லது பம்ப் டைமிங் தள்ளிப்போயிருக்கிறது. டேப்பட் இடைவெளியைப் புத்தகம் பார்த்து வையுங்கள். சூட்டில் வைக்கச் சொல்கிறதா, ஆறின பிறகா என்பதையும் அதிலேயே பாருங்கள்.

இத்தனையும் சரி பார்த்தாயிற்று, கோளாறு இருந்தால் சரி செய்தாயிற்று. இப்போது ஸ்க்ரூ.

பம்ப் எந்த வகை என்று பாருங்கள். நாலு பைப்பும் வரிசையாக, நெட்டுக் குத்தாகக் கிளம்பினால் இன்லைன் பம்ப். ஒரே தலையிலிருந்து வட்டமாகக் கிளம்பினால் ரோட்டரி. ஆக்சிலேட்டரை விட்டதும் லீவர் எந்த ஸ்க்ரூவில் வந்து முட்டுகிறதோ அதுதான் ஐட்லிங் ஸ்க்ரூ. முழுசாக மிதித்தால் முட்டுகிற இன்னொன்று அதிகபட்ச வேகத்துக்கானது, அதில் ஈய சீலோ கம்பியோ போட்டிருப்பார்கள். ரோட்டரியில் பின்பக்கம் டீசல் அளவுக்கு ஒரு ஸ்க்ரூ உண்டு, இன்லைனில் கவர்னர் பெட்டியின் பின்னால் இன்னும் ஒன்றிரண்டு இருக்கும். சீல் போட்டது எதையும் தொடாதீர்கள். அது பம்பைக் கழற்றிச் சோதித்து அளவு வைக்கிற கேலிப்ரேஷன் மேஜையில் வைக்கிற அளவு, வீட்டு வாசலில் வைக்கிற அளவு அல்ல.

ஐட்லிங் ஸ்க்ரூவின் லாக் நட்டை இளக்கி, ஸ்க்ரூ லீவரைத் தள்ளுகிற பக்கமாக, பெரும்பாலும் வலது சுற்றாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி விட்டு, வேகம் இறங்கி நிலைக்கட்டும், அப்புறம் அளங்கள். லைட்டைப் போட்டுப் பாருங்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். புத்தகம் சொன்ன எண்ணில் லாக் நட்டை இறுக்கி மறுபடி அளங்கள், இறுக்கும்போது ஸ்க்ரூ கொஞ்சம் நகர்ந்துவிடும்.

"அண்ணே, ஆஃப் ஆகாம இருக்கட்டும், ஒரு ஆயிரத்துல வச்சிடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. மண் பாதையில் ஓட்டுகிறவர் அப்படிக் கேட்கவே கூடாது. லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் வண்டி தானாக ஊர்ந்து போவதுதான் டீசல் ஜீப்பின் பெருமையே. 750-ஐ 1,000 ஆக்கினால் அந்த ஊர்தல் மூன்றில் ஒரு பங்கு வேகமாகிவிடும். மணிக்கு 3 கிலோமீட்டரில் இறங்கிய சரிவில் 4-இல் இறங்கும். கேட்கச் சின்ன விஷயம். ஈர மணலில், கரை உடைந்த ஆற்றில், முன்சக்கரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்து ஓட்டுகிறவருக்குத்தான் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும்.

கேள்வி: என் வண்டி சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) இன்ஜின் போட்ட மஹிந்திரா தார் ஜீப். ஐட்லிங் குறைந்த மாதிரி ஆடுகிறது. பம்பில் ஸ்க்ரூவே காணோமே? – திருவொற்றியூர் வாசகர்

பதில்: காணாமல் போகவில்லை சார், கிடையவே கிடையாது. உங்கள் வண்டியில் ஐட்லிங்கை வைப்பது இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர். ஆக்சிலேட்டர் பெடலில் இருப்பதே சென்சார்தான். மேலே மீஞ்சூர்த் தம்பிக்குச் சொன்ன யூனியன் நட்டு வேலையை இதில் செய்தே விடாதீர்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தருகிற பொதுக் குழாயான காமன் ரெயிலில் இருக்கிற அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், விளையாட்டு இல்லை.

ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். கோளாறு கோட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே கழற்றிவிடுவார்கள், விடாதீர்கள். லைவ் டேட்டாவில் இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இசியூ கேட்கிற ஆர்பிஎம், இன்ஜின் உண்மையில் ஓடுகிற ஆர்பிஎம். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஐட்லிங் குறையவில்லை. நீங்கள் உணர்வது மவுண்டிங் ஆட்டம் அல்லது ஒரு சிலிண்டரின் பலவீனம். எந்த சிலிண்டருக்கு இசியூ அதிகமாக டீசல் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது என்பதையும் பல ஸ்கேனர்கள் காட்டும். உண்மையான ஆர்பிஎம் கீழே இருந்தால் ரெயில் அழுத்தம், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு, டீசல் ஃபில்டர் என்று போக வேண்டும்.

இஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுகிற வால்வு) கரி பிடித்துத் திறந்தபடியே நின்றாலும் ஐட்லிங்கில் ஆடும், கூடவே கறுப்புப் புகையும் வரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் ஊர்ந்துபோகிற வண்டிக்கு இது சீக்கிரமே வரும். இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடவே வாய்ப்பில்லையே!

கேள்வி: எங்கள் ஜீப் பழையது. வீட்டுக்காரர் "ஐட்லிங் கம்மி, வேறொன்றுமில்லை" என்கிறார். ஆனால் நிற்கும்போது பிரேக் கல் மாதிரி ஆகிறது. எண்ணெய் விளக்கும் சார்ஜ் விளக்கும் மினுக்குகின்றன. இவ்வளவு கோளாறு சேர்ந்து வருமா? – வியாசர்பாடி வாசகி

பதில்: வரும் அம்மா. ஐட்லிங் குறைவு ஒன்றே இந்த மூன்றையும் இழுத்துக்கொண்டு வரும். டீசல் இன்ஜின் பெட்ரோல் மாதிரி தானாக வாக்கம் (காற்றை உறிஞ்சும் இழுவை) தராது. பிரேக்கை லேசாக மிதிக்க உதவுகிற பூஸ்டருக்குத் தனியாக வாக்கம் பம்ப் வேண்டும். பல ஜீப்புகளில் அது டைனமோவின் முதுகிலேயே இருக்கிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் டைனமோவும் மெதுவாகச் சுற்றும், வாக்கமும் குறையும், சார்ஜும் குறையும். ஆயில் பம்பும் அப்படியே.

ஆனால் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். ஐட்லிங்கைச் சரி செய்த பிறகும் பிரேக் கல்லாகவே இருந்தால் வாக்கம் பம்பு, அதன் ஹோஸ், ஒன்வே வால்வு மூன்றையும் பார்க்க வேண்டும். எண்ணெய் விளக்கு மினுக்குவது நிற்காவிட்டால் கேஜ் மாட்டி ஆயில் பிரஷரை அளக்க வேண்டும். அதுவரைக்கும் அந்த வண்டியைப் பேசின் பிரிட்ஜ் ஏற்றம் இறக்கத்தில் குழந்தைகளோடு ஓட்ட வேண்டாம். இன்ஜின் ஆஃப் ஆனால் பூஸ்டரில் மிச்சம் இருக்கிற வாக்கம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஜீப் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அப்புறம் ஓரமாகவே விட்டுவிட்டோம். இப்போது எழுப்பினோம், ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐட்லிங் நிற்கவில்லை. மேலேயும் கீழேயும் ஊசலாடுகிறது. – எண்ணூர் வாசகர்

பதில்: ஊசலாட்டம் என்றால் கவர்னர் சிக்கிச் சிக்கி வேலை செய்கிறது, அல்லது காற்று. தண்ணீரில் நின்ற வண்டி என்பதால் பம்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன். டேங்கில் தண்ணீர் கீழே தங்கும், டீசல் மேலே மிதக்கும். உறிஞ்சுகிற பைப் அடியில்தான் இருக்கிறது, முதலில் போவது தண்ணீர்தான். பம்பின் உள்பாகங்களுக்கு எண்ணெய்ப் பசையே டீசல்தான். தண்ணீர் நின்ற இடத்தில் துரு வரும்.

இனிமேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கை இறக்கி முழுக்கக் காலி செய்து கழுவுங்கள். உங்கள் பகுதியில் அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்ததே, அது மூச்சுக் குழாய் வழியாக எங்கெல்லாம் போயிருக்குமோ. லைன்களை ஊதி, ஃபில்டர்களை மாற்றி, இன்ஜின் ஆயில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் ஆக்சில் எல்லாவற்றிலும் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பம்பையும் நாசில்களையும் கழற்றி கேலிப்ரேஷனுக்கு அனுப்புங்கள். செலவுதான். ஆனால் துருப்பிடித்த பம்பை ஓட்டியே சரியாக்கலாம் என்று நினைத்தால், கவர்னர் டீசலைத் திறந்த நிலையில் சிக்கி இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறிவிடக் கூடும். அப்போது ஸ்டாப்பரும் கேட்காது.

கேள்வி: பல வருஷம் சொட்டுக்கூட ஒழுகாத பம்பு, கொஞ்ச காலமாக மேல் மூடியில் டீசல் கசிகிறது. காலையில் ஐட்லிங் சரியில்லை, கொஞ்ச நேரம் ஓடினால் சரியாகிறது. – ராயபுரம் வாசகர்

பதில்: ராத்திரி டீசல் பின்வாங்கிக் காற்று ஏறுகிறது. சீல் போய்விட்டது, சீல் கிட் போடுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க வருகிற டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு), அதற்கு முன் 50 இருந்தது. கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறும்போது பழைய ரப்பர் சீல்கள் கொஞ்சம் சுருங்குவது உண்டு. புதிதாகப் போடும்போது இப்போதைய டீசலுக்கு ஏற்ற ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட இருக்கும், பரவாயில்லை.

கேள்வி: டீசலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தால் ஐட்லிங் ஏறும் என்கிறார்களே? – கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: ஏறாது.

கேள்வி: பம்ப் ரிப்பேருக்கு ஆகும் காசைப் பார்த்தால் புதுப்பேட்டையில் பழைய பம்ப் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் போல இருக்கிறது. செய்யலாமா? – தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: வாங்கலாம், ஆனால் உங்கள் பம்பில் இருக்கிற தகட்டை முதலில் துடைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பம்பு பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கவர்னர் வேறாக இருக்கும். டிராக்டரிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ கழற்றியது ஜீப்பில் உட்காரக்கூட உட்காரும். ஜெனரேட்டர் கவர்னர் ஒரே வேகத்தில் பிடித்து வைப்பதற்காகச் செய்தது, உங்கள் வண்டியில் ஐட்லிங் ஒருநாளும் ஒழுங்காக நிற்காது. தகட்டில் இருக்கிற எண் எழுத்து எழுத்தாக ஒத்துப்போனால் வாங்குங்கள். வாங்கினாலும் டெஸ்ட் மேஜையில் ஏற்றாமல் மாட்டாதீர்கள். இந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: லேசர் டாக்கோமீட்டர் இல்லாமல் ஐட்லிங்கை அளக்க முடியாதா? எங்கள் பெரியவர்கள் படகு இன்ஜினைக் காதாலேயே சொல்லிவிடுவார்கள். – காசிமேடு வாசகர்

பதில்: அவர்கள் ஒரே இன்ஜினோடு ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவர்கள். அந்தக் காது நமக்குக் கிடையாது, அந்த இன்ஜினை விட்டு வேறு இன்ஜினுக்கு அவர்களுக்கும் கிடையாது. கையில் போன் இருக்கிறதே. அதிர்வின் வேகத்தை ஹெர்ட்ஸில் காட்டுகிற ஆப் ஒன்றை இறக்கி, போனை ஃபெண்டர் மேல் படுக்க வையுங்கள். எந்த எண்ணில் உயரமான முனை வருகிறதோ, நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு அதை 30-ஆல் பெருக்குங்கள். 25 காட்டினால் 750 ஆர்பிஎம், 20 காட்டினால் 600. மூன்று சிலிண்டர் என்றால் 40-ஆல் பெருக்க வேண்டும். நாலு சிலிண்டரில் 6, 7 ஹெர்ட்ஸ் பக்கமும் ஒரு முனை தூக்கலாக நின்றால் ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை, நாசிலைப் பாருங்கள்.